ஒரே மூளை ஸ்கேன் டேட்டாவில் ஆளுக்கொரு பதில் வருவது ஏன்?

கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். தங்கை எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்வதைப் பார்க்க எடுக்கும் ஸ்கேன்) டேட்டா ஒன்றை எடுத்து அலசுவதுதான் தங்கையின் புராஜெக்ட். ஒரே டேட்டாவை 70 குழுக்களிடம் கொடுத்தபோது முடிவுகள் ஒத்துப்போகவில்லை என்று எங்கோ படித்திருக்கிறார்கள். "மெஷின் எடுக்கிற படம்தானே, அதில் எப்படி அபிப்பிராய பேதம் வரும்? அப்படியானால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது எடுத்த எம்.ஆர்.ஐ.யையும் சந்தேகப்பட வேண்டுமா? தங்கை எந்த சாஃப்ட்வேரில் செய்தால் சரியான பதில் வரும்?" இவ்வளவுதான் கேள்வி. பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க இந்த மாதிரி டேட்டாவோடு மல்லுக்கட்டுவதுதான் என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், வீட்டில் கவலை அதுதான். பக்கவாதத்துக்கு எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறு, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் சிவப்பும் மஞ்சளுமாக மூளை "எரிவதை"க் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. வேறு. மெஷின் ஒன்றாகவே இருக்கலாம், எடுக்கும் விதமும் படிக்கும் விதமும் வேறு. பக்கவாதம் வந்த புதிதில் டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில், ரத்தம் போகாமல் செல்கள் வீங்கிய இடம் பெரும்பாலும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ரேடியாலஜி டாக்டர் அதைக் கண்ணால் பார்க்கிறார். நோயாளிக்கு எந்தக் கை வரவில்லை, பேச்சு குழறுகிறதா என்பதோடு சேர்த்துப் பார்க்கிறார். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் எடுத்தாலும் தனியார் ஸ்கேன் சென்டரில் எடுத்தாலும் அந்த வெள்ளை அதே இடத்தில்தான் இருக்கும். நான் கீழே சொல்லப்போகும் தகராறுகள் எதுவும் அந்த ரிப்போர்ட்டைத் தொடுவதில்லை. அந்தக் கவரை பத்திரமாக பீரோவில் வையுங்கள், அடுத்த ஸ்கேன் எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள்.

எஃப்.எம்.ஆர்.ஐ.யில் அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற எதுவும் கிடையாது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் ஏறிய ரத்தம் தேவைக்கு மேலேயே வந்து சேர்கிறது. ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தப்புலத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். இந்த வித்தியாசத்தை வைத்து மூளையின் வேலையை மோப்பம் பிடிக்கலாம் என்று 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டினார். சிக்னலில் வரும் மாற்றம் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் மூளை வேலை செய்த நொடியில் வராது, உச்சத்துக்கு வர சுமார் 5 நொடி எடுக்கும். இதற்கு நடுவில் மூச்சு, இதயத்துடிப்பு, மெஷின் சூடாவதால் வரும் சறுக்கல், ஆள் எச்சில் விழுங்குவது எல்லாம் அதே சிக்னலில் கலந்து வருகின்றன. தேடுகிற பொருளைவிடக் குப்பை அதிகம். ஆக சுத்தம் செய்து, கணக்குப் போட்டு, கடைசியில் ஒரு கோடு கிழித்து "இதற்கு மேல் உள்ளதற்குக் கலர் பூசு" என்று சொன்னால்தான் அந்தப் படம் வரும். கலர் பூசியது மெஷின் இல்லை, ஆள்.

எங்கெங்கே ஆள் கை வைக்கிறான் என்று பார்க்க ஒரு கற்பனை ஆராய்ச்சியை வைத்துக்கொள்வோம். வடசென்னையில் கேரம் ஆடுகிறவர்களுக்கா பஞ்சம்? கிளப்பில் வருஷக்கணக்காக ஆடும் 25 பேர், ஸ்ட்ரைக்கரைத் தொட்டே பார்க்காத 25 பேர். ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, போர்டின் படத்தைக் காட்டி, சிவப்புக் காயைப் போட எந்தக் கோணத்தில் அடிப்பீர்கள் என்று பட்டனை அழுத்தச் சொல்கிறோம். ஆடுகிறவர்களின் மூளையில் ஏதாவது ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்கிறதா? கேள்வி இவ்வளவுதான்.

முதல் பிரச்சினை தலை ஆடுவது. பஞ்சு வைத்து அடைத்தாலும் ஆடும். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே சிக்னல் கெட்டுப்போகும். எவ்வளவு ஆடினால் அந்த நொடிகளைத் தூக்கிப் போடுவது? 0.5 மில்லிமீட்டர் என்று சிலர், 0.2 என்று சிலர். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. கண்டிப்பாக வெட்டினால் டேட்டா குறையும், தாராளமாக விட்டால் குப்பை தங்கும். இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மூளையில் தூரத்துப் பகுதிகளுக்கு இடையே உள்ள தொடர்பு சின்ன வயதில் குறைவாகவும், பக்கத்துப் பகுதிகளின் தொடர்பு அதிகமாகவும் இருக்கிறது, வளர வளர அது மாறுகிறது என்று ஒரு அழகான கருத்து கொஞ்ச காலம் ஓடியது. 2012-ல் ஜோனத்தன் பவரும் கூட்டாளிகளும் ஒன்றைக் காட்டினார்கள்: தலை ஆடினாலே டேட்டாவில் அச்சு அசலாக அதே மாதிரிதான் வரும், தூரத் தொடர்பு குறையும், பக்கத்துத் தொடர்பு கூடும். பெரியவர்களைவிடக் குழந்தைகள்தான் அதிகம் ஆடுவார்கள் என்பது பிள்ளை பெற்ற எவருக்கும் தெரியும். வளர்ச்சி என்று எண்ணியதில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு நெளிதல் என்று மறுபடி உட்கார்ந்து பிரிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கருத்தை முன்வைத்தவர்களில் சிலரே இந்தக் கட்டுரையையும் எழுதினார்கள். எனக்கு இந்தத் துறைமீது மரியாதை வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

அடுத்தது ஸ்மூதிங். ஈரக் கோலத்தை உள்ளங்கையால் லேசாகத் தேய்த்த மாதிரி, ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் அக்கம்பக்கத்தோடு கலப்பது. சிக்னலில் கலந்த குப்பை அடங்கும், ஆட்களுக்கு இடையே மூளை வடிவத்தில் இருக்கும் சின்ன வித்தியாசமும் மறையும். எத்தனை மில்லிமீட்டர் தேய்ப்பது? 4-ம் உண்டு, 8-ம் உண்டு. பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா போன்ற பகுதியே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். 8 மில்லிமீட்டர் தேய்த்தால் அமிக்டலாவில் உள்ளது வெளியே வழியும், வெளியே உள்ளது உள்ளே வரும். 4 தேய்த்தால் குப்பை அடங்காமல் ஒன்றுமே தெரியாமல் போகலாம். இதில் எது சரி என்று கேட்டால், எவ்வளவு பெரிய பகுதியைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அது முன்கூட்டியே தெரிந்தால் ஆராய்ச்சி எதற்கு?

அப்புறம் மாடல், அதாவது எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்ற சூத்திரம். ஆடத் தெரிந்தவர் சட்டென்று பட்டனை அழுத்துவார், தெரியாதவர் யோசிப்பார். அந்த நேர வித்தியாசத்தைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? சேர்க்காவிட்டால் "அதிக நேரம் யோசித்ததை" "கேரம் திறமை" என்று எழுதிவிடும் ஆபத்து. சேர்த்தால், வேகமே திறமையின் ஒரு பகுதி என்பதால் தேடியதையே துடைத்துவிடும் ஆபத்து. கடைசியாக, நாம் சொல்லும் "பகுதி" எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? முன்மூளையின் கீழ்நடுப் பகுதிக்கு ஒரு அட்லஸ் (மூளையைப் பகுதி பகுதியாகப் பிரித்த வரைபடம்) ஒரு எல்லை போடும், இன்னொன்று வேறு எல்லை போடும். பட்டா இல்லாத நிலம்தான்.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு, மூன்று நியாயமான வழிகள் என்றால் பெருக்கிப் பாருங்கள். ஜோஷுவா கார்ப் 2012-ல் உண்மையாகவே பெருக்கிப் பார்த்தார். ஒரே ஒரு பரிசோதனையின் டேட்டாவை 6,912 விதமாக அலசினார். அத்தனையும் கட்டுரைகளில் வழக்கமாகப் புழங்கும் தேர்வுகளின் சேர்க்கைகள்தான். கோடு கிழிக்கும் முறைகளையும் சேர்த்தால் 34,560 படங்கள். சில இடங்களில் முடிவு பெரிதாக மாறவில்லை, சில இடங்களில் ஏகத்துக்கு ஆடியது. உச்சம் எங்கே என்ற புள்ளிகூட இடம் மாறியது.

நீங்கள் படித்த 70 குழு விஷயம் இதன் தொடர்ச்சி. ரோட்டம் போட்வினிக்-நெசர், டாம் ஷோன்பெர்க், ரஸ்ஸல் போல்ட்ராக் உள்ளிட்ட பலர் சேர்ந்து செய்து, 2020-ல் நேச்சர் இதழில் வந்தது. 108 பேரை ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேனருக்குள் அவர்களிடம் பணப் பந்தயம்: பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஜெயித்தால் இவ்வளவு, தோற்றால் இவ்வளவு, ஒப்புக்கொள்வீர்களா? அந்த டேட்டாவை 70 குழுக்களிடம் கொடுத்து, முன்பே எழுதிவைத்த 9 கருதுகோள்களுக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் கேட்டார்கள். எப்படி அலசுவது என்பது அவரவர் இஷ்டம். எந்த இரண்டு குழுவும் அச்சாக ஒரே வழியில் போகவில்லை. ஒரு கருதுகோளுக்கு 84 சதவீதம் குழுக்கள் ஆம் என்றன. மூன்றுக்கு 94 சதவீதம் இல்லை என்றன. மீதி ஐந்தில் ஆம் சொன்னவர்கள் 21 முதல் 37 சதவீதம் வரை. அதாவது அந்த ஐந்து கேள்விகளில் எதற்கும், எந்தக் குழுவின் கட்டுரை உங்கள் கையில் கிடைக்கிறதோ அதைப் பொறுத்து பதில் மாறும். ஒரு குழு மட்டும் செய்து ஒரு கட்டுரை மட்டும் வந்திருந்தால் இந்த இழுபறி யாருக்கும் தெரிந்தே இருக்காது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். முடிவு எப்படி வந்தாலும் குழுவுக்கு லாப நஷ்டமில்லை. ஆம் வந்தால்தான் கட்டுரை அச்சாகும் என்ற நெருக்கடி இல்லாமலே இவ்வளவு சிதறல். எந்தத் தேர்வுகள் முடிவை இழுத்தன என்றும் பார்த்தார்கள். படம் எவ்வளவு வழவழப்பாக இருந்தது என்பது முதலில் வந்தது, அதாவது அந்த ஸ்மூதிங் சமாச்சாரம். எந்த சாஃப்ட்வேர், பல தடவை சோதிப்பதற்கான திருத்தம் (இது என்ன என்று கீழே மீன் கதையில் வரும்) எந்த முறை என்பவையும் இழுத்தன. கூடவே ஒரு பந்தயச் சந்தையும் நடத்தினார்கள். எத்தனை சதவீதம் குழுக்கள் ஆம் என்று சொல்லும் என்று ஆராய்ச்சியாளர்களே நிஜப் பணத்துக்கு ஊகிக்க வேண்டும். டேட்டாவை அலசியவர்கள், அலசாதவர்கள் இரு தரப்புமே உண்மையைவிட அதிகமாக ஊகித்தார்கள். தன் துறையைப் பற்றித் தானே நல்லெண்ணம் வைப்பது மனித இயல்பு, சரி, ஆனால் டேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டுமா?

செய்தியாகப் பரவும்போது ஒரு பகுதி எப்போதும் விட்டுப்போகிறது. எனக்கு அதுதான் முக்கியம். கோடு கிழிப்பதற்கு முந்தைய முழுப் படங்களை, அதாவது கலர் பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்கும் எண்களை, குழுக்களுக்கு இடையே ஒப்பிட்டபோது பெரும்பாலானவை நன்றாகவே ஒத்துப்போயின. ஆம் சொன்ன குழுவின் எண்களும் இல்லை சொன்ன குழுவின் எண்களும் அநேகமாக ஒரே மேடு பள்ளத்தைத்தான் காட்டின. எல்லாக் குழுக்களின் படங்களையும் சேர்த்துப் பொதுவாக ஒரு கணக்குப் போட்டபோது தெளிவான முடிவும் வந்தது. மூளை சொன்னதைக் கேட்பதில் சண்டை கொஞ்சம்தான். அதை ஆம், இல்லை என்று வெட்டும் இடத்தில்தான் பெரிய சண்டை. "எதையும் நம்பாதே" என்று இந்த ஆய்வைச் சுருக்குகிறவர்கள் அதைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

அந்த வெட்டும் கோட்டில் என்னென்ன நடக்கும் என்பதற்கு ஒரு மீன் கதை உண்டு. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் மீன் கதை சொல்லாமல் விடக் கூடாது. கிரெய்க் பென்னட்டும் அவரது சகாக்களும் கடையில் வாங்கிய ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அதில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று "கேட்டார்கள்". 8,064 புள்ளிகளைச் சோதித்ததில் 16 புள்ளிகள் "வேலை செய்தன". ஆயிரத்தில் ஒன்று என்ற கண்டிப்பான கோட்டைப் போட்டாலும், எட்டாயிரம் தடவை சோதித்தால் வெறும் தற்செயலாகவே எட்டு புள்ளி தேறும். பல தடவை சோதித்ததற்கான திருத்தத்தைச் சேர்த்தவுடன் மீன் செத்த மீனாகவே கிடந்தது. 2009-ல் மாநாட்டில் போஸ்டராக வைத்தார்கள், 2012-ல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. மனித மூளைப் படத்தில் புள்ளிகள் ஒரு லட்சத்தைத் தாண்டும், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு குறை. இதைக் கேட்டவர்கள் "திருத்தம் போட்டால் போதும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போதாது. 2016-ல் ஆண்டர்ஸ் எக்லுண்ட், தாமஸ் நிக்கல்ஸ், ஹான்ஸ் நட்சன் மூவரும் சும்மா படுத்திருந்த 499 ஆரோக்கியமான ஆட்களின் ஸ்கேன்களை எடுத்துக்கொண்டார்கள். நடக்காத ஒரு சோதனை நடந்ததாக வைத்து, ஆட்களைக் குருட்டாம்போக்காகக் குழு பிரித்து, சுமார் 30 லட்சம் தடவை அலசினார்கள். எதுவும் இல்லாத இடத்தில் "இருக்கிறது" என்று வருவது 5 சதவீதத்தில் நிற்க வேண்டும். எல்லோரும் பயன்படுத்தும் எஸ்.பி.எம்., எஃப்.எஸ்.எல்., ஆஃப்னி ஆகிய மூன்று சாஃப்ட்வேர்களிலும் கிளஸ்டர் முறையில் (புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒட்டியிருக்கும் புள்ளிகளைக் கொத்தாகச் சோதிப்பது), சில அமைப்புகளில் அது 70 சதவீதம் வரை போனது. இது திருத்தம் போட்ட பிறகு. திருத்தத்துக்கு அடியில் இருந்த அனுமானம், அதாவது அக்கம்பக்கப் புள்ளிகளின் உறவு தூரத்தோடு எந்த வடிவில் குறைகிறது என்பது, நிஜ டேட்டாவுக்குப் பொருந்தவில்லை. ஆரம்பக் கோட்டைத் தளர்வாக, நூறில் ஒன்று என்று வைத்தவர்களுக்கு அடி பலம். ஆயிரத்தில் ஒன்று என்று வைத்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். ஆஃப்னியில் 15 வருஷமாக இருந்த ஒரு பிழையும் இந்தச் சமயத்தில்தான் வெளியே வந்தது. 40,000 கட்டுரைகள் சந்தேகத்துக்கு உரியவை என்ற தொனியில் அவர்கள் எழுதிய வரியைப் பின்னால் அவர்களே திருத்திக்கொண்டார்கள், ஆனால் பத்திரிகைகளில் நின்றது அந்த எண்தான்.

சாஃப்ட்வேர் பெயர் மட்டும் இல்லை, பதிப்பும் கணக்கு. மூளைப் பகுதிகளின் கொள்ளளவை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருளின் மூன்று பதிப்புகளை அதே ஸ்கேன்களில் ஓட்டி 2012-ல் ஒப்பிட்டார்கள். கொள்ளளவில் சராசரியாக 8.8 சதவீதம் வித்தியாசம். கம்ப்யூட்டரின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறினாலும் எண் கொஞ்சம் நகர்ந்தது. சில நோய்களில் தேடுகிற சுருக்கமே அந்த அளவுதான் இருக்கும். புராஜெக்ட் நடுவில் லேப்டாப் "அப்டேட் செய்யவா?" என்று கேட்டால் தங்கையை "வேண்டாம்" என்று அழுத்தச் சொல்லுங்கள்.

ஆட்களின் எண்ணிக்கை தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். நம்முடைய 25 கேரம் ஆட்டக்காரர்களை நான் சும்மா சொல்லவில்லை. இந்தத் துறையில் ஒரு ஆய்வுக்கு வழக்கமான எண்ணிக்கை அதை ஒட்டித்தான் இருந்தது. மூளை அளவுகளுக்கும் புத்திசாலித்தனம், மனநலம் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பை ஸ்காட் மாரெக்கும் கூட்டாளிகளும் சுமார் 50,000 பேரின் டேட்டாவில் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். தொடர்புகள் மிகச் சிறியவை, நம்பகமாகப் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்பது முடிவு. ஆட்கள் குறைந்தால் அலசும் வழியின் செல்வாக்கு இன்னும் ஏறும், ஏனென்றால் கோட்டுக்குப் பக்கத்தில் தத்தளிக்கும் முடிவைத் தள்ள ஒரு சின்ன விரல் போதும். உங்கள் குழந்தையின் மூளையை ஸ்கேன் செய்து அவன் எஞ்சினியரா பாடகரா என்று சொல்கிறோம் என நோட்டீஸ் கொடுக்கிறவர்களை நான் இந்த ஒரு காரணத்துக்காகவே வாசலோடு அனுப்பிவிடுவேன். ஆயிரம் பேரின் சராசரியில் கஷ்டப்பட்டுத் தெரிவது, ஒரு பையனின் தலையில் தனியாகத் தெரியாது.

சரி, தங்கைக்கு எந்த சாஃப்ட்வேர்? கைடுக்குத் தெரிந்தது எதுவோ அது. மாட்டிக்கொண்டால் உதவ ஆள் வேண்டும். முதல்கட்டச் சுத்தம் செய்ய எஃப்.எம்.ஆர்.ஐ.பிரெப் என்ற பைப்லைன் (படிகளை வரிசையாகத் தானே செய்துமுடிக்கும் மென்பொருள்) இலவசமாகக் கிடைக்கிறது. ஃபைல்களை பிட்ஸ் என்ற ஒழுங்கில் அடுக்கி வைத்தால் அது தானே ஓடும். ஓபன்நியூரோ என்ற இலவச டேட்டா தளத்தில் இருந்து எடுப்பதாக இருந்தால் ஏற்கெனவே அந்த ஒழுங்கில்தான் இருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே பைப்லைனுக்குப் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. ஆயிரம் பேர் ஒரே சாஃப்ட்வேரை ஒரே அமைப்பில் ஓட்டி ஒரே தப்பைச் செய்தால் அதற்கும் பெயர் ஒற்றுமைதான். எக்லுண்ட் காட்டியது வேறென்ன?

பதிலாக, டேட்டாவைத் திறப்பதற்கு முன்னாலேயே உட்கார்ந்து எழுதட்டும்: தலை ஆடுவதற்கு எந்த அளவு, எத்தனை மில்லிமீட்டர் ஸ்மூதிங், எந்த அட்லஸ், எந்தக் கோடு, ஏன். தேதி போட்டு, ஆய்வுத் திட்டங்களைப் பதியும் ஓ.எஸ்.எஃப். தளத்தில் பதிவுசெய்துவிடலாம், செலவில்லை. முடிவைப் பார்த்துவிட்டு 6 மில்லிமீட்டரை 8 ஆக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அப்போது அந்தத் தாள் தடுக்கும். பிறகு எழுதியபடி ஒரு தடவை ஓட்டட்டும். அது முக்கிய முடிவு. அதற்கப்புறம் வேண்டுமென்றே இரண்டு மூன்று தேர்வுகளை மாற்றி ஓட்டி, எது அசைந்தது எது அசையவில்லை என்று ஒரே அட்டவணையில் போடட்டும். அசைந்ததை மறைக்க வேண்டியதில்லை. என்னிடம் வந்தால் அந்த அட்டவணைக்குத்தான் கூடுதல் மார்க் போடுவேன்.

வைவாவில் "முடிவு வழிக்கு வழி மாறுகிறதே, அப்போது என்ன கண்டுபிடித்தாய்?" என்று கட்டாயம் கேட்பார்கள். கலர் பூசிய படத்தோடு நிறுத்தாமல், கோடு கிழிக்காத முழு மேப்பையும் பின்னிணைப்பாக வைத்திருந்தால் பதில் சுலபம்: எந்த மேடு எல்லா வழியிலும் நிற்கிறது, எது ஒரு வழியில் மட்டும் தலைகாட்டுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அந்த ஃபைலை, மூளை மேப்களைப் பகிரும் நியூரோவால்ட் தளத்தில் ஏற்றி, இணைப்பை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.